சாலையோரத்தில் பேட்ரிக்

ஜூலை 7, திங்கள்

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம். மதியம் பேட்ரிக்கின் தம்பி ஹென்றி போன் செய்தான். இருபத்தேழாம் தேதியோடு விபத்து நடந்து ஒரு வருஷம். நிபோங் திபால் பக்கம் பஸ் கவிழ்ந்த இடத்தில், இறந்துபோன மாணவர்களின் படங்களுக்குப் புதுக் கூரை போடுகிறார்களாம். "அண்ணன் படமும் அங்க இருக்கணும், அண்ணி. அவரும்தானே செத்தாரு" என்றான். வேண்டாம் என்றேன்.

பஸ்ஸை ஓட்டியவர் என் புருஷன். அந்தப் பிள்ளைகளுக்காக நாடே கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியது. பேட்ரிக்குக்குப் பூசை வைத்தபோது மாதா கோயிலுக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

ஜூலை 12, சனி

சொல்லச் சொல்லக் கேட்காமல் ஹென்றி அங்கே போய் மரச்சிலுவை நட்டுவிட்டு வந்திருக்கிறான். பெயரும் எழுதி.

ஜூலை 13, ஞாயிறு

பிடுங்கிவிட்டார்கள். யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே — கொலைகாரன் என்று.

பூசைக்குப் போகவில்லை. ஹென்றி ஆள் திரட்டிக்கொண்டு போகப்போகிறானாம். போனா அடிதடிதான். நானே போய் சிலுவையை எடுத்துட்டு வர்றேன், நீ பேசாம இரு என்று கத்திவிட்டேன்.

தூங்கிட்டாரா, பிரேக் பிடிக்கலையா? விசாரணை இன்னும் முடியவில்லை. எனக்கே தெரியாதபோது யாரிடம் போய் என்ன சண்டை போட?

ஜூலை 16, புதன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். சிலுவை கால்வாய் ஓரம் புல்லில் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது பின்னால் ஒரு குரல், யார் என்று கேட்டது. சலேஹா அக்கா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். மகன் ஹாஃபிஸ் அந்த பஸ்ஸில் இருந்தான். டிவியில் பார்த்திருக்கிறேன். மகன் படத்தைத் துடைத்த துணி கையில்.

பொய் சொல்லியிருக்கலாம். டிரைவரின் மனைவி ஜூலியானா என்றேன்.

"நான்தான் புடுங்கிப் போட்டேன்" என்றார்.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு சத்தம் அடங்கியதும் கேட்டார்: "அவரு தூங்கிட்டாரா?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "எங்கிட்ட பேசறவங்க எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசறாங்க" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு?

ஜூலை 19, சனி

தெரியாத நம்பரில் போன் வந்தாலே சலேஹா அக்காவோ என்று நினைத்துக்கொண்டே எடுக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. பிரேக் தேய்ந்துபோயிருந்தது, கம்பெனி சோதிக்கவே இல்லை. அதோடு, ஓய்வில்லாமல் ஓட்டியதால் டிரைவர் களைத்திருந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஹென்றி முதல் பாதியை மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறான். நான் இரண்டையும் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் சலேஹா அக்கா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வருஷ நினைவுக்கு வா. தனியா வராதே, நான் வந்து ஏத்திக்கிறேன்."

போவதா?

ஜூலை 27, ஞாயிறு

போனேன். ஹென்றியை வரவேண்டாம் என்றேன், நல்லவேளை கேட்டான்.

என்னைப் பார்த்ததும் ஒரு பையனின் அப்பா, இவளை யார் கூப்பிட்டது என்றார். "நான்தான்" என்றார் சலேஹா அக்கா. அந்த அப்பா எங்களைவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். பெயர்களை வாசித்தார்கள். பேட்ரிக் பெயர் இல்லை. நான் எதிர்பார்க்கவில்லை — எதிர்பார்த்தேன், பொய் என்ன.

அக்காவின் காரிலேயே திரும்பினோம். தீவுக்குப் போகும் கடல் பாலம் ஏறும்போது கேட்டார்: "அவரு எப்படிப்பட்ட ஆளு?"

இந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காதது. பஸ்ஸை நிறுத்தினால் கடைசி சீட் வரை நடந்துபோய், யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார் என்றேன். மிளகாய்ச் சம்பல் ஒரு வாய் வைத்தாலே கண்ணில் தண்ணி வந்துவிடும் என்றேன்.

அதற்குள் எங்கள் சுங்கை பினாங் வந்துவிட்டது. எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே காரை நிறுத்தினார். நான் கதவில் கை வைத்தேன். அவர் எஞ்சினை அணைத்தார்.

"எனக்கு அவசரம் இல்ல லா. சொல்லு" என்றார்.