பள்ளத்துப் பக்கத்து ஆறு பெட்டிகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீயும் பையனும் நலமா? அவனை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டதாக உன் தம்பி போனில் சொன்னான். நல்லது. உங்கள் குவார்ட்டர்ஸ் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். உன் வீட்டுக்காரன், நம்ம நெட்டையன், மூன்று மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்த வேலை. சோம்பேறிப் பயல் என்று திட்டிக்கொண்டே மாற்றினேன். திட்டி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

விசாரணை அறிக்கை வந்திருக்கிறது. கைபிரேக் முறுக்க மறந்த ஃபிட்டர் தன் கவனக்குறைவால் இறந்தான் என்று எழுதிவிட்டார்கள். அப்படியே விட்டால் அவனுக்குப் பதிலாக ரயில்வேயில் உனக்கு வர வேண்டிய வேலை வராதாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பதினெட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனபின் ரயில் பெட்டிகளைப் பிடித்து வைத்திருப்பது பிரேக்கில் மிச்சமிருக்கும் காற்றுதான். அது மெல்லக் கசிந்துவிடும். அதனால் கைபிரேக்கை முறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பன்னிரண்டு பெட்டி என்றால் மேட்டுப் பக்கம் ஆறு அவனுக்கு, பள்ளத்துப் பக்கம் ஆறு எனக்கு. முடித்ததும் "ஆச்சு" என்று கத்துவோம். ஒருவன் வேலையை மற்றவன் போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால், என்னை நம்பலையா என்று சண்டை வரும். அப்படி ஒரு வீம்பு எங்களுக்கு.

அன்று கொட்டுகிற மழை. அவன் முடித்துவிட்டுக் கத்தினான். நானும் ஷெட்டுக்குள் நின்றபடியே "ஆச்சு" என்று கத்தினேன். ஒரு பெட்டியைக்கூட நான் தொடவில்லை, தங்கச்சி. என் வார்த்தையை நம்பி அவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். ஒரு மணி நேரத்தில் எஞ்சின் வந்துவிடும், அதுவரை காற்று தாங்கும் என்று நினைத்தேன். ஐந்து மணி நேரமாகியும் வரவில்லை. மழை விட்டதும் போயிருக்கலாமே என்பாய். டீ குடித்தேன், பேப்பர் படித்தேன். பாவி, மறந்தே போனேன்.

பெட்டிகள் நகர்ந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். கீழே லெவல் கிராஸிங்கில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆச்சுன்னு சொன்னியேடா" என்றான். அவ்வளவுதான் கேட்டான். கட்டை சக்கரத்தில் மாட்டிப் பெட்டிகள் அவன்மேலேயே கவிழ்ந்தன. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கைபிரேக்குகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்ததால் யார் முறுக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாளைக் காலை பெரிய அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். நேற்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தது அவள்தான். வேலை போகும், கேஸும் வரும். வரட்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இனி அண்ணன் என்று கூப்பிடவும் வேண்டாம். பையன் விவரம் தெரிந்து கேட்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடு, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவன் அப்பா எதையும் மறக்கவில்லை. என்னை நம்பினார், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அவனோடு வேலை பார்த்தவன்