இருபதாவது கூறு

முருகன் துணை

காஜா பேராங், மலாக்கா
16-11-1958

என் சுந்துக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், பட்டியில் மிச்சம் இருக்கும் ஏழு மான்களும் சுகம், நீ அந்தக் குளிர் ஊரில் கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தில் நம் கலைமான் சின்னராசாவைக் கொல்லாதே, காட்டில் விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். இரண்டாவதில் நர்ஸ் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பக் கப்பல் ஏறப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்து என் பதில் ஒன்றுதான், முடியாது. கோபித்துக்கொண்டு தாளை மடித்துவிடாதே, முழுவதையும் படி. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், கோவையாக எழுத வராது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா போனதைப் பற்றி உன் சித்தப்பா எழுதிய நாலு வரிதான் உனக்குத் தெரியும். ஜூலை மாதம் சின்னராசாவுக்குக் கொம்புத் தோல் உரிந்து கெட்டியாகி, கழுத்து பருத்து, தரையைக் குத்திக்கொண்டு நின்றது. மதம் ஏறின கலைமான் பக்கம் பலகையை முன்னால் பிடிக்காமல் யாரும் போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் உன் அப்பாதான். அன்றைக்குக் காலையில் பலகை வேலியில் சாத்தினபடியே இருந்தது. நான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். அது நாம வளர்த்த பிள்ளைதானே கமலா, என்னை என்ன பண்ணிடும் என்று சிரித்துக்கொண்டே படலைத் திறந்தார். ஒரே முட்டு, தொடையில். ஆஸ்பத்திரிக்கு லோரியில் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நீ இந்தப் படிப்புப் படிக்கிறவள், தொடை என்றால் உனக்கே தெரியும், அதற்குமேல் நான் எழுதவில்லை. ஆனால் நீ, நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததால்தான் அதற்கு மனுஷப் பயம் இல்லாமல் போனது, என்னால்தான் அப்பா போனார் என்று எழுதியிருக்கிறாயே, இன்னொரு தடவை அப்படி எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். தாய் செத்த குட்டிக்குப் பால் கொடுப்பது குற்றமா? புட்டி வாங்கி வந்தது யார், அவர். தினம் சாயங்காலம் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, வாடா, தள்ளுடா பார்ப்போம் என்று விளையாட்டுக் காட்டினது யார், அவர். நாலு வருஷம் தள்ளக் கற்றுக்கொடுத்தார், அது கற்றுக்கொண்டது. அவர் அதைப் பிள்ளை என்று நினைத்தார், அது அவரை இன்னொரு கலைமான் என்று நினைத்தது. இதில் உன் தப்பு எங்கே வந்தது? கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆளுக்கொரு புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். செங் ஊரிலிருந்து சித்தப்பா ராஜரத்தினம் வந்து, அண்ணி, பொம்பள ஒருத்தி மான் வளர்த்து எவன் பார்த்திருக்கான், ஆடா கோழியா, எல்லாத்தையும் வித்துட்டு நம்ம வீட்டுப் பின்னறையில வந்து இருங்க என்றார். நல்ல மனுஷர்தான், மனசில் கள்ளம் இல்லை. ஆனால் அந்தப் பின்னறை எனக்குத் தெரியும், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மான் வளர்த்த பொம்பளையை நீங்க பார்த்ததில்லையென்றால் இங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க தம்பி என்று சொல்லிவிட்டுப் புல்லறுக்கப் போய்விட்டேன். கோவில் கமிட்டி மாணிக்கவாசகம் வந்து, ஆளைக் கொன்ற மிருகத்தைச் சுட்டுக் குழியில் தள்ளணும், அதன் கறி ஒரு வீட்டு அடுப்பிலும் ஏறக்கூடாது, தோஷம் என்றார். நான் கேட்டேன், கிளேபாங் கடல் வருஷத்துக்கு எத்தனை பேரைக் கொண்டுபோகிறது, அந்தக் கடல் மீனை நீங்க சாப்பிடறதில்லையா அண்ணே என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாய்ப்பேச்சை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை சுந்து. தீனி நின்றதுதான் பெரிய அடி. பட்டி நடக்கிற விதம் நீ அறியாததா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன ஒரு சோடி மானைக் கொண்டு அப்பா ஆரம்பித்தபோதே பேசிவைத்தது, பதினெட்டு வீடும் முறைவைத்து ஒரு நாளைக்கு ஒரு வீடு தழை கொண்டுவந்து போட வேண்டும், வேலி சாய்ந்தால் எல்லாரும் கைகொடுக்க வேண்டும், தீபாவளிக்கு முதல் நாள் அடிக்கிற மானில் எல்லா வீட்டுக்கும் ஒரு கூறு. அப்பா போன மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு முறையாக விட்டுப்போயிற்று. யாரும் சண்டை போடவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். மாக் என்று நாம் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுப் பாக்கியம் மட்டும் தன் முறை தவறாமல் மரவள்ளித் தழையைக் கொண்டுவந்து வேலிமேல் எறிந்துவிட்டு, மலாக்காச் செட்டிமார் வீட்டில் பேசுகிற மலாயில் என்னையும் ஊரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் நானே பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு தண்டவாளப் பக்கம் போய் அறுத்தேன். சின்னராசாவுக்கும் நான்தான் போட்டேன். தனி அடைப்பில் விட்டு நாலு மாதம் போட்டேன். மதத்தில் இருக்கும்போது அடித்தால் கறியில் மூத்திர வாடை அடிக்கும், அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். வேலி இடுக்கில் மூக்கை நீட்டும், நீ புட்டியோடு நின்ற அதே இடத்தில். முதல் மாதம் அதன் முகத்தைப் பார்க்காமல் கொட்டிவிட்டு வருவேன். பிறகு பார்க்கப் பழகிக்கொண்டேன். அதற்கு ஒன்றும் தெரியாது சுந்து, அவர் எங்கே என்று தேடுகிற மாதிரி என் பின்னாலேயே எட்டிப் பார்க்கும்.

காட்டில் விடு என்றாயே, அதையும் யோசிக்காமல் இல்லை. மனுஷரைக் கண்டு ஓடாத மான் காட்டில் எத்தனை நாள் இருக்கும், முதல் வாரமே எவன் காய்கறித் தோட்டத்துக்குள்ளாவது வந்து நிற்கும், அடுத்த மதத்தில் இன்னொருத்தி புருஷனை முட்டும். இன்னொரு வீட்டு ஆளையும் லோரியில் ஏற்ற நான் வழி வைக்க மாட்டேன். குழியில் தள்ளவும் மாட்டேன். கறிக்காக வளர்த்தது, கறியாகத்தான் போக வேண்டும். அதைப் புதைத்தால் உன் அப்பா ஒன்பது வருஷம் செய்ததெல்லாம் தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கூறு எடுக்க ஊர் வந்தால் பட்டி இருக்கும், வராவிட்டால் ஏழு மானையும் விற்றுவிட்டுப் பின்னறைக்குப் போகிறேன் என்று சித்தப்பாவிடமே சொல்லிவிட்டேன். பந்தயம் கட்டின மாதிரிதான்.

செங் தோட்டத்து வாட்ச்மேன் ஜெயபாலன் துப்பாக்கியோடு வந்தான், எப்போதும் அவன்தானே சுடுவது. அக்கா, நீங்க உள்ளே போங்க, நான் பார்த்துக்கறேன் என்றான். மிரண்டு ஓடினால் கறி கறுத்துப்போகும், தெரிந்த கை தீனி போட்டால்தான் தலையைக் குனிந்து நிற்கும் என்று அவனுக்கும் தெரியும். நானே சர்க்கரைவள்ளிக் கொடியைத் தொட்டியில் போட்டேன். குனிந்து தின்றது. ஒரே வெடி. ஓடவில்லை, கத்தவில்லை. அழுதேனா என்று கேட்காதே. தோலை உரித்து வெட்டினதும் நான்தான், ஜெயபாலன் காலைப் பிடித்துக்கொண்டான். வருஷம் திரும்பாத வீடு, தாலி இழந்தவள் நல்ல நாளுக்கு முன்னால் நின்று பங்கு போடலாமா என்று வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் எண்ணெய் வைக்கவில்லை, புதுப்புடவை கட்டவில்லை, துக்கத்துக்கு என்ன மரியாதை செய்ய வேண்டுமோ எல்லாம் செய்கிறேன், கத்தியைக் கீழே வைக்க மட்டும் மாட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

எத்தனை இலை என்று ஜெயபாலன் கேட்டான். இருபது என்றேன், எப்போதும் போல. வாழையிலையில் எலும்பு, சதை, ஈரல் எல்லாம் சமமாகக் கலந்து வைத்தோம். வழக்கப்படி ஒருவர் கூறைக் காட்டி இது யாருக்கு என்று கேட்க வேண்டும், இன்னொருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நின்று பேர் சொல்ல வேண்டும், அப்போதுதான் பெரிசு சின்னது என்று ஒரு வீடும் வாய் திறக்க முடியாது. பன்னிரண்டு வயதிலிருந்து நீ நின்ற இடம் அது. இந்த முறை நான் நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம் எல்லாரும் வந்து நின்றார்கள், கையில் ஒரு பாத்திரமும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். முதல் இலை, இது யாருக்கு என்றான். மாணிக்கவாசகம் வீடு என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒரு காலடியும் கேட்கவில்லை. முதுகைக் காட்டி நிற்பவளுக்கு யார் முகமும் தெரியாது, காதுதான். அப்போது மாக் பாக்கியத்தின் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது, டக் டக்கென்று நேரே இலைப் பக்கம் வந்தது. மலாயில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், மாணிக்கத்துக்கு வேண்டாமா, நல்லதாப் போச்சு, அவன் கூறையும் என் தட்டில் போடு, என் வீட்டில் பதினோரு வாய், ஒரு வாய்க்கும் தோஷம் தெரியாது என்றாள். யாரோ சிரித்தார்கள். உடனே மாணிக்கவாசகத்தின் சம்சாரம் சீதா, முந்தானைக்குள் ஒரு சட்டியை மறைத்து வைத்திருந்தாளாம், அதை எடுத்துக்கொண்டு, அது என் கூறு, தொடாதே, அவரு வேணும்னா பட்டினி கிடக்கட்டும், நான் என்ன சாமியாரா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அதற்கப்புறம் சட்டிக்கும் தட்டுக்கும் வீட்டுக்கு ஆள் ஓடினது. பதினெட்டு வீடும் எடுத்தது சுந்து. பத்தொன்பது நம் வீட்டுக்கு. மறுநாள் தீபாவளி, அவரவர் வீட்டில் பலகாரம், எண்ணெய்க் குளியல். அதற்கும் மறுநாள் விடிந்ததும் பட்டி வாசலில் சர்க்கரைவள்ளிக் கொடி ஒரு கட்டு கிடந்தது. யார் முறை என்று கணக்குப் பார்த்தேன், மாணிக்கவாசகம் வீடு.

ஆகவே நான் பின்னறைக்குப் போகவில்லை, நீயும் கப்பல் ஏறவேண்டாம். மகள் படிப்பை முடித்து வெள்ளைத் தொப்பியோடு இறங்குவதைப் பார்க்கணும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், பாதியில் வந்து நின்றால் படலைத் திறக்க மாட்டேன். பெட்டை ஒன்று சினையாக இருக்கிறது, தை மாதம் போடும். தாய்க்கு ஏதாவது ஆனால் புட்டிப்பாலும் கொடுப்பேன், நெற்றியில் கைவைத்து விளையாட மட்டும் யாரையும் விடமாட்டேன். நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, பசித்தால் அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று கிடக்காதே. அப்பா படத்துக்கு முன்னால் அழலாம், அழுதுவிட்டு டூட்டிக்குப் போ. மாரியம்மனும் முருகனும் உன் கூடவே நிற்பார்கள், நீ தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. மாதம் ஒரு கடிதம், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சே. கமலவேணி

கையெழுத்துப் போட்டும் தாளை மடிக்க மனசு வரவில்லை. இருபது என்று வாயில் வந்துவிட்டதே, அந்த இருபதாவது வெட்டினவர் கூறு, உன் அப்பா எடுக்கிறது. ஜெயபாலன் அதைக் காட்டி இது யாருக்கு அக்கா என்று கேட்டான், எனக்குப் பேர் வரவில்லை. நீ எடுத்துக்கோ என்றேன், அது அண்ணன் கூறு, நான் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வெட்டினவள் நான்தான், ஆனாலும் எனக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அந்த இலை முன்னால் நின்றேன். உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைத்து ஜாடியில் போட்டுவைத்திருக்கிறேன், கெடாது. நீ எத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்றாய், ஒரு தடவைகூடத் தடுமாறினதில்லை. இப்போதும் நீ பார்க்க முடியாத தூரத்தில்தான் நிற்கிறாய். சொல்லு சுந்துக்குட்டி, இது யாருக்கு?