ராஜாமணியின் வலது கை

21-8-61, திங்கள்

காற்று. கடையெல்லாம் புழுதி. வாங்க வேண்டியது: நாற்பதாம் நம்பர் நூல், கொக்கி, மிஷின் எண்ணெய்.

மதியம் சின்னாளபட்டி ராஜாமணி கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்தாள். கூடவே மாமியாராகப் போகிறவள். வலது கை பாதியில் நின்றுவிட்டது, ஏறவே இல்லை. என் வீட்டுக்காரர் வெட்டியது. கொடுத்த அளவு ஜாக்கெட்டை வைத்து அப்படியே வெட்டினாராம். "அளவு சரிதாம்மா. ஒடம்புதான் ஒரு பக்கம் கோணல்," என்றார்.

மாமியார்க்காரி முகம் மாறிவிட்டது. "கோணலா? பொண்ணு பாக்கையில ஒருத்தரும் சொல்லலையே."

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. கொக்கி தைப்பதை விட்டுவிட்டு எழுந்து, பாதியில் நின்ற ஜாக்கெட் கையை நான்தான் உருவி விட்டேன்.

22, செவ்வாய்

இவரோடு பேச்சில்லை. சோறும் ரசமும் மட்டும் வைத்தேன், வெஞ்சனம் கிடையாது. "நான் சொன்னதுல என்ன தப்பு?" என்கிறார்.

என்ன தப்பா? இருபது வருஷமாக ஒரு பெண்பிள்ளைக்கும் டேப் வைத்ததில்லை. வைக்கக் கூச்சமென்றால் என்னைக் கூப்பிட வேண்டியதுதானே. மாதர் சங்கத்தில் அளவெடுக்கவும் வரையவும் எதற்குப் படித்தேன்? துணியை இரண்டாக மடித்து ஒரு பாதி வெட்டுவார். மறுபாதியும் அதுவாகவே வந்துவிடும். மனுஷியும் மடித்து வெட்டியவளா?

23, புதன்

இவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். ராஜாமணி தறியில். வலது கை கயிற்றை இழுத்தபடியே இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து இப்படித்தானாம்.

மேல்கைச் சுற்று: வலது 11, இடது 10.
வலது தோள் அரை இஞ்சு இறக்கம்.

இம்புட்டுத்தான் கோணல். உழைத்த கை!

"அக்கா, மாப்ள வீட்டுல வேற எடம் பாக்குறாகளாம்," என்றாள்.

வீட்டுக்கு வந்து காக்கித் தாளை மடிக்காமல் விரித்து வைத்து, வலது பக்கம் தனியாக, இடது பக்கம் தனியாக வரைந்தேன்.

25, வெள்ளி

புது ஜாக்கெட்டோடு மறுபடி ராஜாமணி வீடு. இரண்டு கையும் வழுக்கிக்கொண்டு ஏறிற்று. மாமியார்க்காரி அடுத்த தெருதான், ஆள்விட்டுக் கூப்பிட்டேன். வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"துணிய மாத்தித் தச்சா கோணல் போயிருமா?"

வந்ததே கோபம். "நீங்களும் தறியில உக்காந்தவுகதானே? கையக் காட்டுங்க," என்றேன். வலது 12¼, இடது 11.

டேப்பை வாங்கி அவளே இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் ஜாக்கெட்டின் வலது கையை மேலே சுருட்டினாள். இறுக்கின தையல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன கறுப்புக் கோடு. "நாப்பது வருசமா எங்கிட்டத்தான் கொறைன்னு இருந்துட்டேன்." ராஜாமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிளம்பும்போது மாமியார்க்காரி சொன்னாள்: "சொன்ன தேதியிலயே முகூர்த்தம். எனக்கும் ஒண்ணு இப்பிடித் தச்சிரு தாயி."

26, சனி

தூறல். காக்கித் தாளைக் கையில் எடுத்தார் இவர். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல. தப்பா வரஞ்சிருக்க."

சட்டையைக் கழற்றச் சொன்னேன். கத்தரிக்கோல் பிடிக்கும் கை 10½. மற்றது 9¾.

"டேப்பு பழசு, இழுத்துப்போச்சு," என்றார்.

ராஜாமணிக்கு மட்டும் உடம்பு கோணல்.