எட்டாவது துண்டு

மார்ச் 3
இன்று முதல் ரொட்டி வெட்டுவது என் பொறுப்பு. நேற்றுவரை கசாப்புக்காரர் வெட்டினார். தன் துண்டு மெலிந்திருக்கிறது என்று லாரிக்காரன் அவருடைய இரண்டு பற்களைத் தட்டிவிட்டான். "கணக்கு உங்க வேலை, வாத்தியாரே," என்றார் தையல்காரர். இந்தச் சிறை அறையில் ஆறு பேர். ஒரு நாளைக்கு ஒரு நீள ரொட்டி. கத்தி கிடையாது, போர்வையிலிருந்து உருவிய நூல்தான். வெட்டுகிறவன் கடைசியில் எடுக்கவேண்டும். இருபது வருடம் இதே கணக்கைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அங்கே விடை தப்பினால் மதிப்பெண் குறையும். இங்கே பல்.

மார்ச் 4
விரலால் அளந்தேன். இருபத்து நான்கு விரற்கடை. ஆளுக்கு நான்கு. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

மார்ச் 6
விடுதலைக்குப் பதினெட்டு நாள். அதற்குள் என் பெயரில் ஒரு சண்டை பதிவானாலும் ஓராண்டு கூடும் என்றார் காவலர். தலைமையாசிரியரை ஸ்டூலால் அடித்துவிட்டு வந்தவன் நான். அது ஒருநாள் கோபம் என்று மனைவிக்கும் மகளுக்கும் கடிதம் எழுதினேன். கடிதம் நன்றாகவே வந்திருந்தது.

மார்ச் 11
ஏழாவது ஆள் வந்தார், கடிகாரம் பழுதுபார்ப்பவர். ரொட்டி மட்டும் அதே ரொட்டி. மூன்று விரற்கடையாக எட்டுத் துண்டு வெட்டினேன். ஆளுக்கு ஒன்று, மீதி ஒன்று. அதை நடுவில் தனியாக வைத்தேன். கணக்கு வாத்தியார் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்! தாளில் மீதியை ஓரமாக எழுதினால் அங்கேயே கிடக்கும்.

"அது யாருக்கு?"

"யாருக்குமில்லை. மீதி."

"மீதியெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துல வெச்சுக்குங்க!" லாரிக்காரன் பாய்ந்தான். தையல்காரர் அவன் காதைக் கடித்தார். காதில் கொஞ்சம் வாயோடு வந்தது. கசாப்புக்காரர் இருவர் தலையையும் பிடித்துச் சுவரில் மோதினார், தொழில் சுத்தத்துடன்.

மார்ச் 12
நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சம் இதுதான்: அந்தச் சந்தடியில் கடிகாரக்காரர் மெல்லக் கைநீட்டித் துண்டை எடுத்தார். நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். இரும்பு. முகத்துல எத்தனை அடி? நாலா, அஞ்சா? எண்ணலியே — நான் எண்ணாம விட்டது ஏதாவது உண்டா? வலது கண்ணு போயிடுச்சாம். ரத்தத்துல ஊறின அந்தத் துண்டை யார் தின்னது?

நான்தான்.

மார்ச் 13
"வழுக்கி விழுந்தார்," என்றோம் காவலரிடம். காதும் வழுக்கியதுதான். ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதிய ஐந்தாம் வகுப்பு மாதிரி.

மார்ச் 17
கடிகாரக்காரர் கண்ணில் கட்டோடு திரும்பி வந்தார். அவரும் வழுக்கித்தான் விழுந்தாராம். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா கண்ணு வருமா? கடிகாரம் பார்க்க ஒரு கண்ணு போதும், வாத்தியாரே. என்ன, போனது பூதக்கண்ணாடி மாட்டுற கண்ணு."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 24
விடுதலை. வாசலில் மகள் நின்றிருந்தாள். ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறாள்.

மார்ச் 26
காலையில் மனைவி தர்பூசணி நறுக்கினாள். ஆறு துண்டு, மூன்று பேர். இதைவிட எளிய கணக்கு உலகத்தில் இல்லை. மகள் முதலில் கைநீட்டினாள்.

அவள் மணிக்கட்டைச் சும்மா பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விட்டபோது என் ஐந்து விரலும் அங்கே சிவந்து கிடந்தன. மனைவி கத்தியை எடுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நீங்களே சாப்பிடுங்கப்பா." மகள் தட்டை முழுசாக என் பக்கம் தள்ளினாள்.

ஆறையும் சாப்பிட்டேன்.