குழந்தை அழுதால் யாருக்குக் கேட்கும்

மாரமங்கலம்
10-2-1992

அன்புக் கண்ணு வள்ளிக்கு அம்மா எழுதுவது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், மெட்ராஸில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. காப்பிப் பழம் பறித்து முடிந்து இப்போது மிளகு பறிப்பு நடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மணி ஏற்காட்டுக்குப் போய் மகளோடு போனில் பேசிவிட்டு வந்தாள், குரலைக் கேட்டதே போதும் என்றாள். எனக்கு உன் கையைப் பார்க்க வேண்டும், கோபத்தில் விரலை வேகமாக ஆட்டுவாயே, அதையாவது பார்க்க வேண்டும் போல ஏக்கமாக இருக்கிறது. காது கேளாத பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து கையெட்டும் தூரத்திலேயே வைத்து வளர்த்தவளுக்கு இந்தத் தூரம் பழகவே மாட்டேன் என்கிறது. நேற்றுச் சோறு ஆனதும் உன்னைக் கூப்பிடுகிற நினைப்பில் பலகைத் தரையைக் காலால் தட்டிவிட்டேன், அப்பா நிமிர்ந்து பார்த்தார். சிமெண்டுத் தரை போடலாம் என்று அவர் எப்போதோ சொன்னார், தட்டினால் உனக்கு அதிர்வு தெரியாது என்று நான்தான் விடவில்லை.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக எழுதியிருந்த கோவிந்தராஜ் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். தையல் கம்பெனியில் உன் கூடத் தைக்கிற பையன், நல்ல குணம், அவனுக்கும் உன்னைப் போலவே காது கேட்காது என்றதும் அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் காது கேக்காட்டி, கொழந்தை அழுதா ஆருக்குக் கேக்கும்?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை கண்ணு, ஆனாலும் ஆத்திரம் வந்துவிட்டது. "உங்களுக்கு நல்லாத்தானுங்க காது கேக்குது, நம்ம புள்ள அழுதப்ப ஒரு நாளாச்சும் எந்திரிச்சீங்களா?" என்று கேட்டேன். மனுஷர் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார். கைக்குழந்தையில் நீ அழத் தொடங்குமுன்பே உன் வயிறு என் கைக்கடியில் குலுங்கும், அதிலேயே விழித்துக்கொள்வேன். உனக்கும் அப்படித்தான் தெரியும். போதாது என்றால் நான் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். உன் கைப்பேச்சை இத்தனை வருஷமாகக் கற்றுக்கொள்ளாமல், என்ன சொல்கிறாள் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தவர், இன்று மிளகு காயப்போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்புள்ள, மாப்பிள்ளைய வாங்கன்னு கூப்புட எப்படிக் கையக் காட்டோணும்?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டினேன்.

ஆகவே மாசிக்குள் பையனைக் கூட்டிக்கொண்டு வா. அடிவாரம் தாண்டினால் குளிரும், ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. இருவரும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். அப்பா இந்த நேரம் வரைக்கும் மாட்டைப் பார்த்துக் கையைக் காட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார், ஒன்றும் சரியாக வரவில்லை. நீங்கள் வரும்போது அவர் தப்பாகக் காட்டினாலும் திருத்தாதே, அப்படியே உள்ளே வந்துவிடுங்கள்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா மாதம்மாள்