பந்து போட மூன்று பேர்

செப். 21, 1998. திங்கள்

காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கே வெயில் சுட்டெரிக்கிறது. பிரியாவின் லைப்ரரி புத்தகம் இரண்டு நாள் லேட். தயிருக்கு உறை ஊற்ற மறந்தாச்சு.

பிளேஆஃபுக்குள் வந்துவிட்டோம்! சான் ரமோன் ஆபீஸ் பார்க் சாஃப்ட்பால் லீகில் பத்து டீம். நாங்கள் நாலாவது, முதல் நாலு டீமுக்குத்தான் பிளேஆஃப். மூன்று வருஷமாக ஆடுகிறோம், இதுதான் முதல் தடவை. ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஆட்டம். லீகிலிருந்து ஃபேக்ஸ்: பந்து போடுகிறவர்கள் மூன்று பேர், பெயர் எழுதி, கேப்டன் கையெழுத்துப் போட்டு, ஆட்டத்துக்கு முன் அம்பயரிடம் தர வேண்டும். தந்த பிறகு மாற்ற முடியாது.

கேப்டன் நான். ஏப்ரலில் கேப்டன்கள் கூட்டம் செவ்வாய் மத்தியானம் என்றார்கள். டீமில் அந்த நேரத்தில் வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் இருந்த ஒரே ஆள் நான். போய்க் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் தகுதி. விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்ததும் நான் ஒருத்திதான் என்று அப்புறம் தெரிந்தது.

"யாரைப் பந்து போட விடலாம்?" என்று இவரிடம் கேட்டேன்.

"நான். அப்புறம் எவனாவது ரெண்டு பேரு." பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

செப். 22, செவ்வாய்

ஜூனில் சேர்ந்த ஆபீஸில் லஞ்ச் டைமில் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். இந்த சீசனில் யார் எத்தனை வாக் கொடுத்தார்கள்:

ஜெயந்தி அக்கா – 9
செல்வராஜ் – 12
ரமேஷ் – 17
இவர் – 41

மறுபடி எண்ணினேன். 41.

இவருக்கு ஈரோட்டில் காலேஜ் டீமில் லெக் ஸ்பின்னர் என்று பெயர். இங்கேயும் மணிக்கட்டைச் சுழற்றித்தான் போடுகிறார். பந்து தரையில் படவே படாத ஆட்டத்தில் எங்கே போய்த் திரும்பும்? கேட்டால் "காத்துல திரும்பும்" என்கிறார். மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

சாயந்திரம் அம்மா போன், கோபியிலிருந்து. வாக் என்றால் என்ன என்று விளக்கினேன். நாலு பந்து கோணலாகப் போட்டால் எதிராளி மட்டையே வீசாமல் முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.

"சும்மாவேவா?"

"சும்மாவேதான்."

"அட பாவமே. மாப்பிள்ளை அப்படிப் போட மாட்டாரு கண்ணு. எதுன்னாலும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

போனை வைத்ததும் எழுதினேன்: ஜெ. அக்கா, செல்வராஜ், ரமேஷ். ஆறு வருஷம், வேலை பார்க்க முடியாத மனைவிமார் விசாவான எச்-ஃபோரில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் இவர் பெயருக்குக் கீழேதான் என் கையெழுத்து. இவர் பெயரே இல்லாத காகிதம் இதுதான் முதல். பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

செப். 23, புதன்

ஆபீஸிலிருந்து திரும்பும்போது பக்கத்து ஊர் டப்ளினில் ஜெ. அக்கா வீட்டில் இறங்கினேன். அவர்களுடைய இட்லித் தட்டு இரண்டு மாதமாக என்னிடம் இருக்கிறது. அக்கா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நெட்பால் டீமில் கோல் போடுகிறவர். அதே மாதிரி மேலே தூக்கிப் போடுவார், பந்து நிதானமாக வந்து மட்டை பிடிக்கிறவர் முன்னால் உள்ள பிளேட்டின் மேல் இறங்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"எறியிறதெண்டா எறியிறன். என்னை ஓடச் சொல்லாதையும், என்ன?"

சொல்ல மாட்டேன் என்றேன். டீ, ரோல்ஸ். நான்கு சாப்பிட்டேன்.

ரமேஷுக்கு ஈமெயில். உடனே பதில்: 'ஓகே. ஒய்-டூ-கே வேலைக்கு மேனேஜர் கூப்பிடாவிட்டால்.' கல்யாணம் ஆகாத பையன், சிக்கல் இல்லாத ஆள்.

செல்வராஜ் வீட்டில் ஆன்சரிங் மெஷின். "அண்ணா, ஞாயிறு நீங்க பந்து போடறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவரிடம் இன்று சொல்லவில்லை. காரணங்கள்: ரசம் நன்றாக இருந்தது, நல்ல மூடில் இருந்தார். ஆபீஸில் ரிலீஸ் டென்ஷன். பிரியா கூடவே இருந்தாள். எதுவும் நிஜக் காரணம் இல்லை.

செப். 24, வியாழன்

செல்வராஜ் மனைவி எஸ்தர் ஆபீஸுக்கே போன். "அவிய பந்து போட வரலையாம்."

"ஏன், கை வலியா?"

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான். ஜெயந்தியக்கா வீட்டுக்கு மட்டும் நேர்ல போயிருக்கிய. எங்களுக்கு மட்டும் மெஷின்ல. ஒரு கல்யாணத்துக்கு மெஷின்ல சொன்னா நீங்க போவியளான்னு கேக்காவ."

இட்லித் தட்டுக்காகப் போனேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன், செல்வராஜ் கோபித்துக்கொண்ட பாதியை மட்டும். இவருக்கு ஒரே உற்சாகம்.

"தப்பு உம்மேலதான் மாலா. அழைக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்குதில்ல? ரெண்டு பேருமாப் போகோணும். தட்டோட போகோணும்."

"நீங்களுமா?"

"பின்னே? புருஷன் இல்லாமப் போனா அது அழைப்பா?"

உடனே ஆப்பிள் வாங்கக் கிளம்பிவிட்டார். தன் இடத்தில் பந்து போடப் போகிற ஆளை அழைக்கத் தானே பழம் பொறுக்குகிறார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "வாழப்பழமும் வாங்குங்க" என்றுதான் வந்தது.

செப். 25, வெள்ளி

தட்டு: ஆப்பிள் 6, வாழைப்பழம் ஒரு சீப்பு, கல்கண்டு. வெற்றிலை டப்ளின் கடையில் இல்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள், குங்குமச் சிமிழ் வைக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசனை. வைக்கவில்லை.

ஆறு மணிக்குப் போனோம். செல்வராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே நின்றார். நாங்கள் வருவது எப்படியோ தெரிந்திருக்கிறது. எஸ்தர் முறுக்கு வைத்தாள். இவர் எழுந்து நின்று, தட்டை நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடிக்க, கம்பீரமாகச் சொன்னார்: "மெஷின்ல சொன்னது எங்க தப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க அவசியம் வந்து பந்து போட்டுக் குடுக்கோணும்."

எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவர் இப்படி யாரையும் அழைத்ததில்லை. செல்வராஜ் நெகிழ்ந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

"அதுக்கென்ன, வந்துருவோம். அப்ப மூணு பேரு, நீங்க, நான், ஜெயந்தியக்கா. சரிதானே?"

"ஆமாங்க" என்றார் இவர்.

"இல்ல" என்றேன் நான். "நீங்க, அக்கா, ரமேஷ்."

எஸ்தர் "இன்னொரு முறுக்கு எடுங்க" என்றாள். செல்வராஜ் தட்டை வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டே நின்றார்.

கராஜில் வண்டியை நிறுத்தியதும் இவர் சொன்னார்: "அவனுக்குத் தட்டோட போய் சொன்ன. எனக்கு அடுத்தவன் வீட்டுல வெச்சு சொல்ற."

நியாயம் அவர் பக்கம்.

செப். 26, சனி

தோசை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பிரியா வழியாக. "அம்மாகிட்ட சட்னி கேளு."

"அப்பா, ஷீ இஸ் ரைட் தேர்" என்றாள் அவள். ஒன்பது வயசு, எல்லாம் தெரிகிறது.

நாள் முழுக்க யோசித்தேன். பட்டியலில் இவரைச் சேர்த்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். ரமேஷ் ஒன்றும் நினைக்க மாட்டான். பேனாவை எடுத்தேன், வைத்தேன். 41 என்பது 41தான்.

நாலு மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். மிச்சம் இருந்தது மூன்று ஆரஞ்சு, ஒரு எலுமிச்சம்பழம். தட்டில் வைத்தேன். கராஜ் வழியாக வெளியே போய், சுற்றி வந்து, என் வீட்டு வாசல் மணியை நானே அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இவர் கதவைத் திறந்தார். புடவையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மூடிவிடுவார் என்றே நினைத்தேன்.

"வாங்க" என்றார். "உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இவர் போட்ட முதல் காபி. டிகாஷனே தெரியவில்லை, வெறும் பால். முழுக்கக் குடித்தேன்.

"நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க. நாளைக்கு நீங்க பந்து போடலை. நாப்பத்தோரு வாக் குடுத்திருக்கீங்க. முடிவு பண்ணினது நான்தான். வேற யாரும் சொல்லலை. மொதல்ல உங்ககிட்டத்தான் வந்து சொல்லியிருக்கோணும். பயந்துட்டேன்."

"என்னைப் பார்த்தா?"

"ஆமாங்க."

ஒரு ஆரஞ்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணா?"

"ரெண்டு தடவை எண்ணினேன்."

"ஜூலைல ரெண்டு அம்பயர் தப்பு."

"சரி, முப்பத்தொம்பது."

தட்டை வாங்கிக்கொண்டார். மாடிப்படியிலிருந்து பிரியா: "வொய் இஸ் அம்மா எ கெஸ்ட்?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

செப். 27, ஞாயிறு

மைதானத்தில், காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டே கால். வெயில் ஏறவில்லை, புல் ஈரம். தண்ணீர், ஐஸ், ஆரஞ்சு எல்லாம் இவரே எடுத்து வைத்தார்.

ஜெ. அக்கா வந்தாச்சு. ரமேஷும் வந்தாச்சு, மேனேஜர் கூப்பிடவில்லை. செல்வராஜ் குடும்பத்தோடு, சர்ச்சுக்குப் போகிற உடையில் எஸ்தர்.

செல்வராஜ் கையைப் பழக்கிக்கொள்ள யாராவது எதிரே நின்று பந்து பிடிக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, இவரே போய் நின்றார். முதுகுப் பிடிப்புக்காரர். இருபது பந்தாவது இருக்கும், ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்கிறார். "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க... அதேதான்." நடுவில் ஒரே ஒரு தடவை, திருப்பி எறியும்போது, மணிக்கட்டைச் சுழற்றிப் போட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

பார்க்க முடியவில்லை என்னால். பேனா கையில்தான் இருக்கிறது, அடித்து எழுத அரை நிமிஷம் ஆகாது.

அம்பயர் கார் பக்கமே வந்துவிட்டார். பட்டியலைக் கொடுத்துவிட்டேன். அதே மூன்று பெயர்.