உங்கள் நெஞ்சுப் படம்

தர்ஷினி அப்பாவுக்கு வீரலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்களுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அங்கே சிக்னல் கிடைக்காததால் ஊருக்கு வரும் அசோக்குமார் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ஸ்கேனைச் செவ்வாய்க்கிழமை ஓசூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, கறுப்பாக இருந்த இடங்களைத் தொட்டுக் காட்டினார்.

"நுரையீரல்ல காத்துப் பைங்க உடைஞ்சிருக்கும்மா. குவாரித் தூசி, பீடி, ரெண்டும் சேந்து பண்ணினது. போனது திரும்பாது. மருந்த ஒழுங்கா எடுத்தா மீதியக் காப்பாத்தலாம். ஆளக் கூட்டிட்டு வாங்க."

"டி.பி.ங்களா சார்?"

"இல்லம்மா. சளி டெஸ்ட்லயும் இல்ல. இது யாருக்கும் ஒட்டாது."

எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. படத்தைச் சுருட்டலாமா என்று மட்டும் கேட்டேன். மதியம் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போய், வழக்கம்போல ஒயர் சொருகினேன். பக்கத்தில் இருந்த பொற்கொடி, "ஏன்க்கா பேசவே மாட்டேங்கற?" என்றாள். தலைவலி என்றேன். நீங்கள் ஒன்றும் பயப்பட வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை அஞ்செட்டி பஸ்ஸில் வந்துவிடுங்கள். பீடி இனி வேண்டாம். என் பச்சை ஸ்வெட்டரும், கொஞ்சம் ராகி மாவும் வேண்டும். உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றும் எடுத்து வாருங்கள், இங்கே குளிர் அதிகம்.

ஒட்டிவிடும் என்று எட்டு மாதமாகப் பிள்ளையைக் கிட்டே விடாமல், கொட்டகையில் தனியாகப் படுக்கிறீர்கள். தர்ஷினியையும் கூட்டி வாருங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. நீங்கள் வரும் வழியெல்லாம் வளைவு, அவளை மடியிலேயே உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வீரலட்சுமி